அரை மூட்டை மொளகா

பலவேசம் அண்ணாச்சிக்கு அம்பத்தெட்டு வயசு. அவரோட குருவுக்கு நாப்பது. சாமியாரா ஆகுறதுக்கு முன்ன டவுன் பஸ்ல கண்டக்டரா இருந்தவரு. இப்பவும் மடத்துக்கு யாரு வந்தாலும் உள்ள தள்ளி உக்காரச் சொல்லுவாரு.

அண்ணாச்சி ஆறு வருசமா அவருகிட்ட வந்து போறாரு. கோவத்தையே விட்டுட்டேன்னு ஊரு பூராச் சொல்லித் திரிஞ்சாரு. கேட்டவன் சிரிச்சா கோவம் வந்துரும்.

ஆடி மாசத்துல ஒருநாக் காலையில வயலுக்குப் போனா, குலை தள்ளின வாழை அத்தனையும் இடுப்பளவுல வெட்டிக் கெடக்கு. வரப்புத் தகராறுல பங்காளி தவசிக்கண் செஞ்ச வேலை. கண்ணால பாத்த ஆளு உண்டு, சாட்சி சொல்லத்தான் ஆளில்ல. ஸ்டேசன்ல எழுதி வாங்கிக்கிட்டு, போயிட்டு வாங்கன்னுட்டாங்க.

நேரா மடத்துக்கு வந்தாரு.

"சாமி, கடவுளு இதப் பாத்துக்கிட்டுத்தான இருந்தாரு?"

"பாத்திருப்பாரு."

"அப்ப நான் செங்காட்டு அம்மனுக்கு மொளகா அரைக்கப் போறேன்."

சாமி வேண்டாம்னு சொல்லல. துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, நானும் வாரேன்னு கெளம்பிட்டாரு.

அந்தக் கோயில்ல அப்படி ஒரு வழக்கம். அநியாயம் நடந்துட்டா, வத்தமொளகாய அங்க கெடக்க அம்மியில அரைச்சு அம்மன் மேல பூசணும். எரிச்சல் தாங்காம அவ எந்திரிச்சுப் போயி நியாயம் கேட்டுருவாளாம். எல்லாரும் ஒரு கைப்பிடி மொளகா கொண்டாருவாங்க. அண்ணாச்சி அரை மூட்டை சொமந்துட்டு வந்தாரு. கல்யாண வீட்டுக்குக் கொழம்பு வைக்கப் போறீரான்னு பூசாரி கேட்டாரு.

அரைக்க அரைக்க அண்ணாச்சி வாய் ஓயல. தவசிக்கண்ணுக்குக் காலு வெளங்கக் கூடாது, கெணறு வத்தணும், மருமகன் கோவிச்சுக்கிட்டுப் போகணும். சாமி பக்கத்துல நின்னு தும்மிக்கிட்டே அம்புட்டையும் கேட்டாரு. அம்மன் தலையில இருந்து கால் வரைக்கும் செவந்து போயி நின்னா.

ஆவணி போச்சு, பொரட்டாசி போச்சு. தவசிக்கண் கெணத்துல தண்ணி கூடிருச்சு. அண்ணாச்சி தெனமும் டீக்கடையில உக்காந்து அவன் நடையையே பாத்தாரு. ஒருநா அவன் நொண்டிக்கிட்டு வந்தான். அண்ணாச்சி சந்தோசத்துல கடையில இருந்த எல்லாருக்கும் டீ சொல்லிட்டாரு. கிட்ட வந்தப்பொறவு பாத்தா, செருப்பு வாரு அந்து போயிருக்கு.

இதுல அண்ணாச்சிக்குத் தன் வயலுக்குப் போக நேரமில்ல. வெட்டுன வாழை வெட்டுனபடி கெடந்து மக்குது. வீட்டம்மா சொல்லிச் சொல்லி ஓஞ்சு, மக வீட்டுக்குப் போயிட்டா.

கார்த்திகையில சாமி அவர மறுபடியும் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனாரு. கையில ஒரு செம்பு நல்லெண்ண. நியாயம் கெடச்சப்பொறவு, மொளகா பூசுனவங்களே வந்து எண்ண ஊத்தி அம்மனக் குளுர வைக்கணும். அதுவரைக்கும் அவ எரிஞ்சுக்கிட்டேதான் நிப்பா.

"ஊத்தும் வே," அப்படின்னாரு சாமி.

"இன்னும் நியாயம் கெடைக்கலியே சாமி."

"கெடைக்கலன்னு யாரு சொன்னா?"

"அவன் நல்லாத்தான இருக்கான்?"

"அவன் நல்லா இருக்கதுதான் நியாயம்னு அவ நெனச்சிருந்தா?"

அந்தப் பக்கமே அண்ணாச்சி யோசிச்சதில்ல.

"இப்ப ஊத்திட்டா வழக்கு முடிஞ்சு போயிரும் சாமி. அவகிட்டல்லா நான் ஒப்படைச்சிருக்கேன்."

"எங்க ஒப்படைச்சீரு? எரிச்சல அவகிட்டக் குடுத்துட்டு, வழக்க டீக்கடையில வச்சு நீருல்லா நடத்துதீரு."

அண்ணாச்சி அம்மனப் பாத்தாரு. மொளகா காஞ்சு, மூக்குல, கன்னத்துல எல்லாம் பொருக்குத் தட்டியிருந்துச்சு. அம்புட்டும் அவரு அரைச்சது. பொறவு செம்ப வாங்கி, உச்சந்தலையில ஊத்த ஆரம்பிச்சாரு. பாதியில கை நின்னுபோச்சு.

"இனி தவசிக்கண்ணுக்கு என்ன ஆகும் சாமி?"

"ஊத்தும் வே. குளிச்சுக்கிட்டு இருக்கவகிட்டயா போயி கேள்வி கேப்பீரு?"