கதவில் எழுபத்தாறு கோடு

நாமக்கல்லில் பரமத்தி சாலையோரம், வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பட்டறை ஒன்றை அமராவதி நடத்திவந்தாள். அவளுக்கு வயது முப்பத்தாறு. அவளிடம் சீடராக வந்து சேர்ந்த மகுடபதிக்கு அறுபது. கல்லூரியில் முப்பத்திரண்டு வருடம் இயற்பியல் நடத்தியவர். மின்சாரத்தைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, அவர் வாங்கிய வண்டியில் ஓடுகிற மின்சாரத்தைத் தவிர.

இரண்டு கை மாறி வந்த டீசல் வேன் அது. முன்னால் வைத்திருந்தவர் சீட்டுகளைக் கழற்றிவிட்டு உள்ளே கட்டில், மின்விசிறி, விளக்கு, சின்ன அடுப்பு மேடை எல்லாம் வைத்து வீடாக்கியிருந்தார். என்ஜினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி. இரண்டையும் ஒரு தடித்த சிவப்பு வயர் சேர்த்துக் கட்டியிருந்தது. வண்டி ஓடினால் இரண்டும் ஏறும். ஒன்று இறங்கினால் மற்றதையும் கூட்டிக்கொண்டு இறங்கும். மற்றபடி எல்லா வேலைக்கும் பச்சை வயர்தான். அந்த மனிதருக்கு எங்கோ ஒரு சுருள் பச்சை வயர் கிடைத்திருக்க வேண்டும்.

மகுடபதி வந்த அன்று கையில் ஆறு காகிதங்கள் வைத்திருந்தார். வண்டியின் மொத்த வயரிங்கையும் படமாக வரையப் பார்த்திருந்தார். ஆறாவது காகிதத்தில் ஒரு பச்சை வயர் கட்டிலுக்கு அடியில் போனது. திரும்பி வரவில்லை.

இரண்டு நாள் நின்றால் இரண்டு பேட்டரியும் செத்துவிடுகிறது என்றார். எங்கோ கரண்ட் ஒழுகுகிறது என்றார். அதைத் தானே கண்டுபிடிக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"என்னைத் தேத்தி விடு அம்மிணி. நடுவழியில நின்னுட்டா அங்க நீ இருக்க மாட்டே."

அவ்வளவு அவசரம் என்ன என்று கேட்டாள். அவர் மனைவி தெய்வானைக்கு நுரையீரலில் கோளாறு. தூங்கும்போது மூக்கில் மாட்டிக்கொள்ள ஒரு மெஷின் ஓட வேண்டும். இத்தனை வயதில் அந்தம்மா கேட்ட ஒரே ஒரு ஆசை, படுத்துக்கொண்டே கடல் சத்தம் கேட்க வேண்டும் என்பது. தரங்கம்பாடி வரை போய்வரலாம், ஆனால் ஐப்பசி மழைக்கு முன்னால் போய்விடுங்கள், குளிர் வந்தால் அனுப்ப மாட்டேன், தூங்கும்போது மெஷின் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்குப் புரட்டாசி நாலாம் தேதி.

அமராவதி அந்தக் காகிதங்களை வாங்கிப் பார்த்தாள். படம் அழகாக இருந்தது. மடித்து அவரிடமே கொடுத்தாள்.

"நான் சொல்றதைச் செய்யோணும். சொல்லாததைச் செய்யக் கூடாது. முடியுங்களா சார்?"

முடியும் என்றார். முதல் பாதிதான் அவரால் முடிந்தது.

முதல் நாள் வண்டியில் இருந்த பதினோரு ஃபியூஸையும் கழற்றச் சொன்னாள். பிறகு ஒவ்வொன்றாகச் செருகி, எது உயிர் பெறுகிறது என்று பார்த்து எழுதச் சொன்னாள். நாலாவது ஃபியூஸிலேயே அவருக்குப் பொறுமை போய்விட்டது. மூன்றைச் சேர்த்துச் செருகினார். விசிறியும் விளக்கும் ஒன்றாக வந்தன, எது எதனுடையது என்று தெரியவில்லை. அவள் பதினொன்றையும் திரும்பக் கழற்றி அவர் கையில் வைத்தாள். சாயங்காலம் வரை அதே வேலை.

அடுத்த நாள் ஒரு டெஸ்ட் லாம்ப் கொடுத்தாள். ஒரு பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான். பேட்டரியின் எர்த் கம்பியைக் கழற்றி, நடுவில் அந்தப் பல்பைக் கோத்தாள். எல்லாம் அணைந்திருக்கும்போது வண்டியில் எது கரண்ட் குடித்தாலும் பல்பு எரியும் என்றாள். பல்பு எரியவில்லை. மகுடபதிக்கு நம்பிக்கை வரவில்லை. உள்ளே ஏறி ஒவ்வொரு ஸ்விட்ச்சாகத் தொட்டுப் பார்க்கக் கதவைத் திறந்தார். பல்பு எரிந்தது.

"இதோ. ஒழுகுது பாரு."

"கீழ இறங்கிக் கதவைச் சாத்துங்க சார்."

சாத்தினார். பல்பு அணைந்தது. கதவைத் திறந்தால் எரிகிற உள்விளக்கு அது. இத்தனூண்டு விளக்கு இரண்டு பேட்டரியைக் குடிக்காது என்று அவர் கணக்குப் போட்டுச் சொன்னார். கணக்கு சரிதான் என்று அவளும் ஒப்புக்கொண்டாள்.

வண்டியைப் பட்டறையிலேயே விட்டுப் போகச் சொன்னாள். சாவியையும் வாங்கி வைத்துக்கொண்டாள். மூன்று நாள் நின்றது. நாலாம் நாள் சாவியைத் திருப்பியதும் என்ஜின் பிடித்துக்கொண்டது. மகுடபதி சந்தோஷமாக வீட்டுக்கு ஓட்டிப் போனார். வீட்டில் இரண்டு நாள் நின்றது. செத்துப்போனது.

திரும்பவும் அவள் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாள். பட்டறையில் உயிரோடு இருந்தது. வீட்டில் செத்தது. மூன்றாம் தடவையும் அதேதான்.

மகுடபதிக்குச் சோறு இறங்கவில்லை. ரோட்டுக் குலுங்கலில் எங்கோ வயர் உரசுகிறது என்றார். பச்சை வயர் அத்தனையும் பிடுங்கிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுக்கலாம் என்றார். புரட்டாசி பாதி போய்விட்டது, மேற்கே மேகம் கட்டுகிறது என்றார். நின்ற இடத்தில் நிற்காமல் பட்டறைக்குள் இப்படியும் அப்படியும் நடந்தார். அவருக்குப் பயம். முப்பத்தைந்து வருடம் பக்கத்தில் படுத்தவள், ஏதோ ஒரு கடற்கரையில் மெஷின் நின்றுபோய், தூக்கத்திலேயே போய்விடுவாளோ என்ற பயம். அதை அவர் யாரிடமும் பயம் என்று சொல்லவில்லை, ஆராய்ச்சி என்று சொல்லிவந்தார்.

அமராவதி அவரை நடக்க விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசை இழுப்பறையைத் துழாவி ஒரு சாக்பீஸ் எடுத்தாள்.

"வண்டியை ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க சார். ஒவ்வொரு தடவை சாவி திருப்பும்போதும் கதவுல உள்பக்கமா ஒரு கோடு போடுங்க."

"அதுல என்ன தெரியும்?"

"போடுங்க."

முப்பத்திரண்டு வருடம் சாக்பீஸ் பிடித்த கை. கூச்சத்தோடு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். சீடனாக இருப்பதில் இதுவும் சேர்த்தி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் காலையில் வண்டி செத்துவிட்டது என்று போன் செய்தார். அமராவதி சார்ஜ் நிறைந்த ஒரு பேட்டரியை ஸ்கூட்டரில் முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனாள்.

தெய்வானை டீ கொண்டுவந்து கொடுத்தாள். இளைத்த உடம்பு, கண்ணைச் சுற்றிக் கருத்துப் போயிருந்தது. அவள் உட்கார்ந்ததுமே மகுடபதி சட்டைப் பையிலிருந்து சின்னக் கிளிப் ஒன்றை எடுத்து அவள் விரலில் மாட்டினார். ரத்தத்தில் எவ்வளவு ஆக்சிஜன் சேர்கிறது என்று எண்ணில் காட்டும் கிளிப். எண் நன்றாகத்தான் இருந்தது. கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"ரெண்டு மாசமா முழுசா ஒரு தூக்கம் இல்ல கண்ணு," என்றாள் தெய்வானை. குறை சொல்வது போலக்கூட இல்லை, சிரித்தபடிதான் சொன்னாள். "கண்ணு அசந்தா விரல்ல இதை மாட்டி எழுப்பிடறாரு. மெஷின் பாட்டுக்கு நல்லாத்தான் ஓடுது."

அமராவதி டீயைக் குடித்து முடித்தாள். போய் வண்டிக் கதவைத் திறந்தாள். உள்பக்கம் வரிசை வரிசையாகக் கோடு. ஐந்தாவது கோட்டைக் குறுக்கே போட்டு, வாத்தியார் ஒழுங்காகக் கட்டுக் கட்டாகப் போட்டிருந்தார். எழுபத்தாறு.

"ரெண்டு நாள்ல இத்தனையா சார்? எங்கியாவது போனீங்களா?"

எங்கும் போகவில்லை. வண்டியை ஸ்டார்ட் கூடச் செய்யவில்லை. டாஷ்போர்டில் பேட்டரி முள் ஒன்று இருக்கிறது, சாவியைத் திருப்பினால்தான் அது எழும், எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டார். அவ்வளவுதான். திருப்பியதும் முள் சரியும். சரிந்தால் கவலையாக இருக்கும். கவலையாக இருந்தால் ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். அரை மணி கழித்து இன்னொரு தடவை வந்து பார்ப்பார்.

அமராவதி பானெட்டைத் திறந்தாள். கொண்டுவந்த பேட்டரியை இணைத்தாள். டெஸ்ட் லாம்பின் ஒரு வயரை எர்த்தில் மாட்டி, பல்பை அவர் கையில் கொடுத்து, என்ஜின் தலையில் இருந்த ஒரு பட்டைக் கம்பியில் மறு முனையைத் தொட்டுக்கொண்டு நிற்கச் சொன்னாள். அவள் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினாள்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

"அது ஹீட்டர் லைன்," என்றார் மகுடபதி. டீசல் வண்டியை எழுப்புவதற்கு முன்னால் என்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர். "எனக்குத் தெரியும் அம்மிணி. டாஷ்போர்டுல ஆரஞ்சு விளக்கு எரியற வரைக்குந்தான் ஓடும். பத்து செகண்டு."

"விளக்கு அணைஞ்சிருச்சுங்க சார்."

அவர் கையில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. அரை நிமிடம் எரிந்தது. ஒரு நிமிடம் எரிந்தது. அவள் சாவியைத் திருப்பி எடுத்த பிறகுதான் அணைந்தது.

"தொட்டுப் பாருங்க. பட்டும் படாம."

பட்டைக் கம்பியில் விரலை வைத்தார். சுட்டது.

இந்த வண்டியிலேயே பெரிய குடிகாரன் இந்த ஹீட்டர்தான், விளக்கு அணைந்தாலும் சாவியை எடுக்கும் வரை குடிக்கும் என்றாள் அவள். மகுடபதியின் மனம் தானாகக் கணக்குப் போட்டது. நாலு ஹீட்டர், ஒரு நிமிடம், எழுபத்தாறு தடவை, இரண்டு பழைய பேட்டரி. விடை சரியாக வந்தது. இத்தனை நாள் ஒழுக்கைத் தேடியவருக்கு, ஒழுக்கு கிடைத்தது. சாக்பீஸ் தூள் இன்னும் அவர் விரலில் இருந்தது. வெட்கமாக இருந்தது அவருக்கு.

அமராவதி அந்தச் சிவப்பு வயரை வெட்டி நடுவில் ஒரு ரிலே வைத்தாள். என்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியும் சேரும், நின்றால் பிரிந்துகொள்ளும். வண்டியை எழுப்பும் பேட்டரி செத்தாலும் மெஷினுக்கு உள்ளது அப்படியே இருக்கும். அவர் வயரைப் பிடித்துக்கொண்டார், அவள் முறுக்கினாள்.

"சரி," என்றார் கடைசியில். "பாக்காம, எவ்வளவு இருக்குன்னு எப்படித் தெரியும்?"

"வண்டிய ஓட்டுங்க சார். ஓடுனா ஏறும்."

"எங்க ஓட்டறது?"

"அக்காவையும் ஏறச் சொல்லுங்க."

மோகனூர் வரை ஓட்டினார்கள். காவிரிக் கரையில் புளியமர நிழலில் வண்டியை நிறுத்தினார்கள். மதியம் இரண்டு மணி. தெய்வானை கட்டிலில் படுத்து, மெஷினைப் போட்டு, குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டாள். ஜன்னல் வழியாக ஆற்றுக் காற்று வந்தது. கடல் சத்தத்துக்கு இது ஒத்திகையா என்று கேட்டாள். பதில் வருவதற்குள் தூங்கிவிட்டாள்.

மகுடபதி டிரைவர் சீட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அமராவதி. அரை மணி நேரம் ஆயிற்று. அவர் கை சாவிக்குப் போனது. சாவியில் வைத்த கையை அப்படியே வைத்திருந்து, பிறகு எடுத்துவிட்டார். அமராவதி ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்னும் கால் மணி. திரும்பி மனைவியைப் பார்த்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. நெஞ்சு ஏறி இறங்கியது. சரியாகத்தான் ஏறி இறங்குகிறதா என்று இங்கிருந்து எப்படிச் சொல்வது. அவர் கை சட்டைப் பைக்குப் போனது. கிளிப்பை வெளியே எடுத்தார். சீட்டிலிருந்து பாதி எழுந்தவர், அமராவதியைப் பார்த்து நின்றார்.

"இது பாவம், இதுக்குள்ளயே சின்ன பேட்டரி இருக்குது அம்மிணி," என்றார் மெல்ல. "இது ஒண்ணும் கரண்ட் குடிக்காதே?"

அமராவதி திரும்பித் தூங்குகிறவளைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"வண்டியில இருந்து குடிக்காதுங்க சார்."