பேராசிரியர் பாதி குடித்த தண்ணீர்

வாய்மொழித் தேர்வு நடத்த வெளியூரிலிருந்து வந்திருந்த வேதியியல் பேராசிரியர் சிதம்பரதாணுவுக்குச் சுற்றுச்சூழல் அறிவியல் என்றாலே இளக்காரம்.

"நாலு பாடத்துல கடன் வாங்கின கதம்பம்! உங்க காலேஜ் குளத்துத் தண்ணியைப் பத்தி வேதியியல்ல மட்டும் சொல்லு. வேற பாடம் வாயில வந்தா ஃபெயில்."

தேர்வுக்கு வந்து நின்ற அந்தப் பாடத்து மாணவி இசக்கிராணி யோசித்தாள். ஃபெயிலானால் டிகிரி போச்சு.

"உப்பு, அமிலம் எல்லாம் அளவாத்தான் இருக்கு சார். நீங்க குடிக்கிறதும் அந்தத் தண்ணிதான். அவ்வளவுதான் சார்."

அவர் குடித்துக்கொண்டிருந்த டம்ளர் பாதியில் நின்றது. "கிருமி இருக்கா?"

"அது உயிரியல் சார்."

"குடிச்சா என்ன ஆகும்?"

"அது மருத்துவம் சார்."

அவர் டம்ளரைத் தள்ளி வைத்தார். "சாக்கடை ஏதும் கலக்குதாம்மா?"

"சொன்னா ஃபெயில் ஆயிருவேன் சார்."

"எல்லாத்தையும் சேர்த்தே சொல்லித் தொலை!"

"அதுதான் சார் என் பாடம். மார்க்கைப் போடுங்க, சொல்றேன்."