மஞ்சமூக்கி மாற்றிய வரிசை

ஒரு மூங்கில் காட்டில் மஞ்சமூக்கி என்றொரு மைனா இருந்தது. ஞாபகசக்தி என்றால் அப்படியொரு ஞாபகசக்தி! எந்த மிருகம் எந்த ஆபத்திலிருந்து தப்பித்தாலும், நேரே அதனிடம் வந்து தப்பித்த விதத்தைச் சொல்லிவிட்டுப் போகும். முள் குத்தினால் என்ன செய்வது, தீ வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது, எல்லாம் அதன் தலைக்குள் இருந்தது.

இருந்து என்ன பிரயோஜனம்? சொன்னவரின் அந்தஸ்துப்படி அல்லவா அது அடுக்கி வைத்திருந்தது! முதலில் யானையார் சொன்னவை, அடுத்து புலியார் சொன்னவை, கடைசியில் எலி சொன்னவை. யார் சொன்னது என்று தெரிந்து கேட்டால் உடனே பதில் வரும். தெரியாதவர்கள் யானையாரிலிருந்து தொடங்கி முழுசாகக் கேட்க வேண்டும். நடுவில் தாண்டிப் போனால் பெரியவர்களுக்கு மரியாதைக் குறைவாம்.

ஒருநாள் காலையில் வெள்ளச்சி என்ற முயல் மூச்சிரைக்க ஓடி வந்தது.

“அக்கா, என் புள்ளை வேடன் வச்ச சுருக்குல மாட்டிக்கிச்சு! காலை எப்படி எடுக்கிறது?”

“யார் சொன்ன யோசனை வேணும்?” என்றது மைனா.

“அது எனக்கு எப்படிக்கா தெரியும்?”

“அப்போ முதல்லேருந்து கேளு. யானையார் திருவாய் மலர்ந்தது: சேற்றில் புரண்டால் ஈ கடிக்காது. யானையார் மேலும் திருவாய் மலர்ந்தது...”

தூரத்தில் வேட்டை நாய் குரைத்தது. சுருக்குகளைப் பார்க்க வேடன் கிளம்பிவிட்டான்.

“ஈ கிடக்கட்டும்கா! சுருக்கைப் பத்திச் சொல்லு!”

“குறுக்கே பேசாதே. அந்த இடம் வந்ததும் சொல்றேன்.”

இதற்கு மேல் பொறுக்குமா பெற்ற மனசு? மைனாவிடம் யோசனை கேட்க மரத்தடியில் காத்து நின்ற மிருகங்களிடம் வெள்ளச்சி கத்தியது. “உங்கள்ல யாராவது சுருக்குல மாட்டிப் பிழைச்சிருக்கீங்களா?”

“நான் இல்லை. எலி ஒருதடவை தப்பிச்சு வந்துச்சு” என்றது முள்ளம்பன்றி.

எலி என்றதும் மைனா கடகடவென்று ஒப்பித்தது. “எலி சொன்னது: இழுத்தால் சுருக்கு இறுகும். முளைக்குச்சிப் பக்கம் நகர்ந்து கயிற்றைத் தளரவிடு. பிறகு குச்சியில் கட்டிய இடத்தைக் கடி.”

இவ்வளவு நேரமும் அது தலைக்குள்ளேதான் இருந்திருக்கிறது, பாருங்கள்!

வெள்ளச்சி பறந்தது. குட்டி இழுத்து இழுத்துக் காலைப் புண்ணாக்கியிருந்தது. “இழுக்காதே கண்ணு, குச்சிகிட்ட வா!” குட்டி நகர்ந்தது, கயிறு தளர்ந்தது, தாய் கடித்தது. கயிறு அறுந்த நொடியில் நாயின் மூக்கு புதரை விலக்கியது. தாயும் பிள்ளையும் முட்காட்டுக்குள் பாய்ந்து மறைந்தன.

குட்டியைப் பத்திரமாக விட்டுவிட்டு வெள்ளச்சி திரும்பி வந்தபோது மைனா தலையைத் தொங்கப் போட்டிருந்தது. “இனிமே விஷயம் விஷயமா பிரிச்சு வைக்கிறேன். பிணி, நெருப்பு, பொறி...”

“பொறியா? சுருக்குல புள்ளை துடிக்கிறப்ப அந்த வார்த்தையெல்லாம் வாயில வராதுக்கா. ‘மாட்டிக்கிச்சு’ன்னுதான் கத்துவோம். அப்படிக் கத்தினாலும் உனக்குப் பதில் வரணும்.”

மைனா அன்றே எல்லாவற்றையும் கலைத்து அடுக்கியது. மாட்டிக்கிட்டால் ஓர் இடம், கடிபட்டால் ஓர் இடம், வழி தவறினால் ஓர் இடம்!

சேதி கேட்டு யானையார் தரை அதிர வந்தார். “முதல்ல இருந்த என் பேர் எங்கே போச்சு?”

“ஒவ்வொரு யோசனைக்கும் கடைசில, சொன்னவங்க பேர் இருக்குங்க ஐயா” என்றது வெள்ளச்சி. “உசுரு பிழைச்சவங்க நிதானமா நின்னு கேட்டுட்டுப் போவாங்க.”

அறிவைச் சேர்த்து வைப்பவர், அதைத் தேடி ஓடி வருகிறவர் எந்தச் சொல்லால் கேட்பாரோ அந்தச் சொல்லுக்கு அகப்படும்படி அதை வைக்க வேண்டும்.