சுருட்டி வைத்த தார் ரோடு

அம்புரோஸ் அண்ணன் முப்பத்திரண்டு வருஷம் ரோடு ரோலர் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஆள் நடக்கிற வேகத்தைத் தாண்டாத வண்டியில வாழ்நாளைக் கழிச்ச மனுஷன், வாயை மட்டும் எக்ஸ்பிரஸ் வேகத்துல ஓட்டுவார். எங்க பழைய சந்தைத் தெருவுக்கு அவர் குடிவந்து ஆறு மாசந்தான் ஆச்சு.

எங்க தெருவுல ரோடுன்னு ஒண்ணு கிடையாது. குழிக்கும் குழிக்கும் நடுவுல கொஞ்சம் மேடு இருக்கும், அதைத்தான் ரோடுன்னு சொல்லிக்குவோம். கேஸ் சிலிண்டரை முக்குலேயே இறக்கிட்டுப் போயிடுவாங்க. உருட்டிட்டு வர்றது நம்ம பாடு. போன மாசம் பள்ளிக்கூட வேனும் உள்ள வர மாட்டேன்னுடுச்சு. தெருவே கொதிச்சுப்போய் ஜக்கரியா பாயோட மாவு மில் வாசல்ல கூட்டம் போட்டோம். செலவுல மூணுல ஒரு பங்கை ஜனங்க போட்டா, மீதியை நகராட்சி போடும்னு கேள்வி. நம்ம பங்கு வீட்டுக்கு மூவாயிரம் வரும்னு கணக்கு. அதை விசாரிக்கத்தான் தெருச் சங்கச் செயலாளர் மரகதவல்லி அக்கா நகராட்சி ஆபீசுக்குப் போயிருந்தாங்க. அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருந்தோம். சும்மா இருக்குமா அண்ணன் வாய்?

"வீட்டுக்கு மூவாயிரமா? எதுக்குய்யா?" என்று ஆரம்பிச்சார். "நான் முன்ன இருந்த தெருவுல யாருகிட்டயும் சல்லிக்காசு வாங்காம ரோடு போட்டேன். அங்க இருந்ததுதான் குழி! இதெல்லாம் கன்னத்துல விழுற குழி மாதிரி. அங்க டவுன் பஸ் குழிக்குள்ள இறங்கினா, கண்டக்டர் 'அடிவாரம் எல்லாம் எறங்கு'ன்னு குரல் கொடுப்பார். தனி ஸ்டாப்பிங். மேல ஏற வேற டிக்கெட்."

"அவ்வளவு ஆழத்துல இருந்து பஸ் எப்படிண்ணே ஏறும்?" என்று கேட்டார் ஜக்கரியா பாய். எதையும் எடை போட்டுப் பாக்காம நம்புற ஆள் இல்ல அவர்.

"ரிவர்ஸ்ல பாய். நேரா பாத்து ஏறினா டிரைவருக்குத் தலை சுத்திரும்ல?"

அண்ணன் தொடர்ந்தார்.

"எஸ்டிமேட் போட இன்ஜினீயர் வந்தார். டேப்பை விட்டுப் பாத்தார், எட்டல. கிணத்துக் கயித்தை விட்டார், எட்டல. சரின்னு அவரே இறங்கிட்டார். காலையில பளபளன்னு ஷேவ் பண்ணிட்டு இறங்கின மனுஷன், மேல வரும்போது நெஞ்சு வரைக்கும் தாடி. ஏறினதும் முதல் கேள்வி, 'எனக்குப் பிரமோஷன் வந்துருச்சா?'ன்னு."

"வந்திருந்துச்சா?" என்றேன் நான், அடக்க முடியாம.

"ரிட்டயர்மென்ட்டே வந்திருந்துச்சு தம்பி."

சிரிப்பு அடங்கட்டும்னு அண்ணன் துண்டால முகத்தைத் துடைச்சுக்கிட்டார்.

"நிதி இல்லைன்னு கையை விரிச்சுட்டாங்க. நான் அசரல. மழைத்தண்ணி குழியில நின்னுச்சுல்ல, அதை மீன் குத்தகைக்கு விட்டேன். ஒவ்வொரு விராலும் என் ரோலர் சக்கரம் தண்டி! ஒரு மீனை அறுத்தா, வயித்துக்குள்ள நாங்க ரெண்டு வருஷம் முன்ன கொடுத்த மனு. எழுத்துகூட அழியல."

"ஆபீஸ்ல கொடுத்த மனு மீன் வயித்துக்கு எப்படிண்ணே போகும்?"

"குழி ஆபீசுக்கு அடி வரைக்கும் போகுது பாய். இல்லாட்டி அங்க கொடுக்குற மனுவெல்லாம் எங்க போகுதுங்கறீங்க?"

இதுக்கு மட்டும் பாய் தலையாட்டிட்டார்.

"குத்தகைப் பணத்துல ஜல்லி வந்துச்சு, தார் வந்துச்சு. நான்தான் ரோலர். என்னமா தேய்ச்சேன்! பொம்பளைங்க வாசல்ல நின்னு, ரோட்டைக் குனிஞ்சு பாத்துப் பொட்டு வச்சுக்கிட்டாங்க. தேவசகாயம்னு ஒரு பெரியவர் தெரு முனையில வழுக்கினார். நேரா கலெக்டர் ஆபீஸ் வாசல்ல போய்த்தான் நின்னார், நாப்பது கிலோமீட்டர். வந்தது வந்தோம்னு முதியோர் பென்ஷனுக்கு ஒரு மனு கொடுத்துட்டு பஸ்ல திரும்பினார்."

"சரிண்ணே, புது ரோடு போட்ட மறுநாளே குழாய்க்காரன் தோண்ட வந்துருவானே. அதுக்கு என்ன செஞ்சீங்க?"

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்த மாதிரி அண்ணன் நிமிந்து உக்காந்தார்.

"வந்தாங்க பாய்! கடப்பாரையோட பன்னெண்டு பேர். தகவல் தெரிஞ்சதும் தெருவே சேந்து, இந்த முனையில புடிச்சு அந்த முனை வரைக்கும் ரோட்டைப் பாய் மாதிரி சுருட்டி, கோயில் மண்டபத்துல நிறுத்தி வச்சுட்டோம். வந்தவங்க தேடித் தேடிப் பாத்தாங்க. 'இங்க ரோடே இல்ல, எதைத் தோண்டுறது'ன்னு திரும்பிப் போயிட்டாங்க. மறுநாள் விரிச்சுக்கிட்டோம்."

அந்த நேரம் பாத்து மரகதவல்லி அக்கா வந்தாங்க. முழங்கால் வரைக்கும் சேறு. அறுந்த செருப்பு ஒரு கையில, ஒரு காகிதம் இன்னொரு கையில. முகமே சரியில்ல.

"நிதி கிடையாதாம்," என்றாங்க.

"ஏங்க்கா? நாமதான் பங்கு போடுறோம்ல?"

"நம்ம தெருவுக்கு ஏற்கெனவே போட்டாச்சாம். ஒண்ணரை வருஷம் ஆச்சாம். நானூறு மீட்டர் தார் ரோடு, ரெண்டு பக்கமும் வடிகால், நடுவுல ரெண்டு வேகத்தடை. அஞ்சு வருஷத்துக்குப் பழுது பாக்கவே தேவையில்லைன்னு எழுதியிருக்கு. இந்தா, நகல்."

எல்லாரும் தெருவைப் பாத்தோம். வேகத்தடை இருக்க வேண்டிய இடத்துல ஒரு எருமை கழுத்து வரைக்கும் தண்ணியில சுகமா படுத்திருந்துச்சு.

"திங்கக்கிழமை தெருவே கிளம்புறோம்," என்றாங்க அக்கா. "கைக்குழந்தைக்காரங்களும் வரணும். அவங்க அந்த ரோட்டை நம்ம கண்ணுல காட்டாம நாம திரும்பக் கூடாது."

"நான் முன்னால வர்றேன்மா," என்றார் அம்புரோஸ் அண்ணன். குரல் வேற மாதிரி இருந்துச்சு. காகிதத்தை வாங்கி, கண்ணாடியைப் போட்டு, முதல் வரியில இருந்து கடைசி வரி வரைக்கும் படிச்சார். கீழே இருந்த ஊதா முத்திரையைக் கட்டைவிரலால தடவிப் பாத்தார்.

"நானும் முப்பத்திரண்டு வருஷமா அளந்துவிட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் பாய்," என்றார். "ஒரு தடவைகூட சீல் குத்திக் கொடுத்ததில்ல."