மிகவும் திருப்தி

ஆய்வு முறையியல் என்ற பாடத்தை யாரும் ஆசைப்பட்டு எடுப்பதில்லை. எம்.பி.ஏ.வில் சேர்ந்தால் அது தலையில் வந்து விழும். மாணவர்கள் அந்த வகுப்பில் கொட்டாவி விடுவார்கள். நடத்துகிற ஹெப்சிபாவுக்கும் சமீப காலமாகக் கொட்டாவிதான் வந்தது.

ஈரோட்டில் வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை வகுப்பு நடத்தும் கல்லூரி அது. ஹெப்சிபா பகலில் இளம் மாணவர்களுக்குப் பாடம் எடுத்துவிட்டு, மாலையில் தன்னைவிட வயதில் மூத்தவர்களுக்கும் எடுப்பார். அவர்கள் செய்யும் ப்ராஜெக்ட்டுகளுக்கும் அவரே வழிகாட்டி. வாடிக்கையாளர் திருப்தி, ஊழியர் திருப்தி, வங்கிச் சேவையில் திருப்தி என்று மேஜை நிறைய ரிப்போர்ட்டுகள் கிடந்தன. ஊரில் எல்லாரும் திருப்தியாக இருப்பதாக அவை ஒரே குரலில் கூறின. தினமும் பஸ்ஸில் வருகிற ஹெப்சிபா அப்படி ஒருவரைக்கூடப் பார்த்ததில்லை.

கோகிலவாணி அவரிடம் ப்ராஜெக்ட் செய்தவர். நாற்பதைத் தாண்டியவர். பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலை மாடிக்கு சூப்பர்வைசர். அதே மாடியில் சேலை எடுத்துக் காட்டும் பெண்ணாக வேலைக்குச் சேர்ந்து, மெல்ல மெல்ல மேலே வந்தவர். அந்தக் கடையில் அப்படி வந்தவர் அவர் ஒருவர்தான்.

அவருக்கு இருந்த தொல்லை இதுதான். சேலை மாடியில் வேலைக்குச் சேரும் பெண்கள் நிலைப்பதில்லை. பட்டு எது, கலப்பு எது என்று சொல்லிக்கொடுத்துத் தேற்றுவதற்குள் போய்விடுகிறார்கள். கேட்டால் கல்யாணம் என்பார்கள், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பார்கள். முதலாளி கூப்பிட்டு, "தீபாவளிக்குள்ள இதை நிறுத்துங்க, இல்லைன்னா சேலை மாடிக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார். கல்லூரி ப்ராஜெக்ட் கேட்டது, முதலாளி காரணம் கேட்டார். கோகிலவாணி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்.

முதல் முறை அவர் ஹெப்சிபாவின் அறைக்கு வந்தபோது முகமெல்லாம் சிரிப்பு. கடைப் பெண்கள் நிரப்பிய கருத்துப் படிவங்களைக் கட்டி எடுத்து வந்திருந்தார்.

"மேடம், எல்லாரும் போட்டுட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லை."

ஹெப்சிபா புரட்டினார். ஒவ்வொரு தாளிலும் டிக் எல்லாம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. மிகவும் திருப்தி. சம்பளத்துக்கு, வேலை நேரத்துக்கு, மேற்பார்வையாளருக்கு, எல்லாவற்றுக்கும் அதுதான்.

"கேன்டீன் சாப்பாட்டுக்குமா அக்கா?"

வகுப்புக்கு வெளியே ஹெப்சிபா அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அது... ஆமாங்க மேடம்."

"நீங்க சாப்பிடுவீங்களா அங்க?"

"நான் வீட்டுல இருந்து கொண்டுபோயிருவேன்."

"இதை எப்ப குடுத்தீங்க?"

"காலையில கடை திறக்கறதுக்கு முன்னாடி. பிரேயர் முடிஞ்சு வரிசையா நிப்பாங்கல்ல, அப்பவே குடுத்துட்டேன். பேர் எழுத வேண்டாம்னு தெளிவா சொல்லிட்டேன் மேடம். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"எல்லாத்துலயும் பச்சை மை இருக்கே?"

"அவங்ககிட்ட பேனா இருக்காதுங்க. ஃப்ளோருக்குப் பேனா கொண்டுவரக் கூடாது, சேலையில பட்டுரும். அதனால ஒவ்வொருத்தரா என் டேபிளுக்கு வரவெச்சு, என் பேனாவுலயே போடச் சொன்னேன்."

ஹெப்சிபாவுக்கு அலுப்பாக இருந்தது. கோபப்படக்கூடத் தெம்பில்லை. ஆறிப்போன டீயைக் குடித்தார்.

"இன்னொரு தடவை கேளுங்க அக்கா. நீங்க பக்கத்துல இல்லாம."

கோகிலவாணி சரி என்று போனார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இரண்டாம் முறை வந்தபோது நடையே தளர்ந்திருந்தது. படிவங்களை மேஜையில் வைத்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"இந்தத் தடவை பெட்டி வெச்சேன் மேடம். கோயில் உண்டியல் மாதிரி ஓட்டை போட்டு, பூட்டி, சாப்பாட்டு ரூம்ல வெச்சேன். அந்தப் பக்கமே நான் போகல."

"நல்லது."

"பாதிப் பேர் போடவே இல்ல. அப்புறம் தேடிப் பிடிச்சுப் போட வெச்சேன். எல்லாரும் போட்டாத்தானே மேடம் முடிவு சரியா வரும்?"

"போடாதவங்க யாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கேமராவுல பாத்தேன்."

ஹெப்சிபா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். படிவங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பிரித்தார். டிக் எல்லாம் கடைசிக் கட்டத்திலேயே இருந்தது.

"ஒரு பொண்ணு என்ன கேட்டா தெரியுங்களா?" என்றார் கோகிலவாணி. "போன தடவையே நல்லபடியாத்தானே போட்டேன் அக்கா, ஏதாச்சும் தப்பாப் போச்சான்னு கேட்டா. பயந்துட்டா பாவம். நான் அதெல்லாம் இல்ல கண்ணு, சும்மா போடுன்னேன்."

"அப்புறம்?"

"திங்கக்கிழமையில இருந்து அவ வரல. போன் பண்ணினா எடுக்கல. அவகூட இன்னொருத்தியும் நின்னுட்டா. ரெண்டு பேரும் மிகவும் திருப்தின்னு போட்டவங்கதான் மேடம்."

வெளியே வராந்தாவில் மாணவர்கள் டீ கிளாஸோடு பேசிக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் தன் ப்ராஜெக்ட்டை வேறு யாரிடமோ வாங்கி முடித்துவிட்டதாகச் சத்தமாகச் சொன்னார். ஹெப்சிபா காதில் விழுந்தது. எழுந்துபோய்க் கேட்க அவருக்கு மனமில்லை.

"எனக்குப் புரியல மேடம்" என்றார் கோகிலவாணி. குரல் உடைந்தது. "நீங்க சொன்ன மாதிரியேதான் கேட்டேன். நீங்க சொன்ன மாதிரி பேர் வாங்கல. நானும் அங்க நின்ன பொண்ணுதான், அவங்க கஷ்டம் எனக்குத் தெரியாதா? இத்தனை கேட்டும் உண்மை ஏன் வரமாட்டேங்குது?"

ஹெப்சிபா இன்டர்னல் மார்க் போடும் தாளை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். பேனாவைத் திறந்தார்.

"அக்கா, போன சனிக்கிழமை நான் எடுத்த கிளாஸ் எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு மேடம்."

"புரிஞ்சுதா?"

"நல்லாப் புரிஞ்சுது. நீங்க எடுத்தா புரியாம இருக்குமா?"

"சர்வேக்கு எத்தனை பேரைக் கேக்கணும்னு போர்டுல ஒரு கணக்கு போட்டேன்ல?"

"ஆமாங்க."

"அது தப்பு. வீட்டுக்குப் போனதுக்கு அப்புறம்தான் எனக்கே உறைச்சுது. கிளாஸ்லயே உங்களுக்குத் தெரிஞ்சுருச்சு. பக்கத்துல இருந்த தம்பிகிட்ட சாடை காட்டினீங்க, ரெண்டு பேரும் சிரிச்சீங்க. எதுக்குச் சிரிக்கறீங்கன்னு அப்ப எனக்குத் தெரியல."

கோகிலவாணி சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார். முகம் வெளிறிப்போனது.

"ஏன் அக்கா சொல்லல? நான் உங்களுக்குத் தங்கச்சி மாதிரி. அடிக்கவா போறேன்?"

"ஐயோ, நீங்க மார்க் போடறவங்க மேடம். உங்ககிட்டப் போய்..."

சொன்னவர் அப்படியே நிறுத்தினார். மேஜைமேல் இருந்த படிவங்களைப் பார்த்தார்.

ஹெப்சிபா பேனாவை மூடி, மார்க் தாளை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அப்ப அவங்களுக்கு நான் மேடம் ஆயிட்டேன்" என்றார் கோகிலவாணி. அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார். "நான் கெட்டவ இல்ல மேடம். தீபாவளிக்கு எல்லாருக்கும் என் கைக்காசுல ஸ்வீட் வாங்கிக் குடுக்கறேன்."

"தெரியும் அக்கா."

"இப்ப நான் என்ன பண்றது? கேள்வியை மாத்தட்டுமா? இல்ல, நம்ம கிளாஸ் பசங்களை யாரையாச்சும் அனுப்பிக் கேக்கச் சொல்லட்டுமா? எப்படிக் கேட்டா சொல்லுவாங்க?"

ஹெப்சிபா பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் கோகிலவாணியின் போன் அடித்தது. கடையிலிருந்து. ஒரு நிமிஷம் மேடம் என்று கையைக் காட்டிவிட்டு எடுத்தார்.

"ம், சொல்லு... யாரு, புதுசா வந்தவளா?... ஃப்ளோர்லயா? கஸ்டமர் இருக்கும்போதா?... சேலை மடிக்கற பலகை மேலேயேவா உக்காந்தா? யாரைக் கேட்டு உக்காந்தா?... அதெல்லாம் எனக்குத் தெரியாது, எந்திரிக்கச் சொல்லு. வாசல் பக்கம் நிக்க வை, எல்லாரும் பாக்கட்டும். மீதியை நான் நாளைக்கு வந்து பேசிக்கறேன்."

அந்தக் குரலை ஹெப்சிபா இதுவரை கேட்டதில்லை. வகுப்பில் பின் வரிசையில் உட்கார்ந்து, சந்தேகம் கேட்கக்கூடத் தயங்குகிற அம்மாளிடம் இப்படி ஒரு குரல் இருந்தது என்றால் நம்புவது கஷ்டம். ஹெப்சிபாவின் மேஜைக்கு எதிரே இருந்தபடியே அது வந்தது, வேலை முடிந்ததும் போய்விட்டது.

கோகிலவாணி போனைப் பைக்குள் வைத்தார். நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். மறுபடியும் பழைய கோகிலவாணி ஆனார்.

"மன்னிச்சுக்குங்க மேடம். பத்து நிமிஷம் நிம்மதியா இருக்க விடமாட்டாங்க. நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கறேன். என்ன கேள்வி கேக்கணும்?"

நோட்டைத் திறந்து பேனாவோடு காத்திருந்தார். பச்சை மைப் பேனா.

ஹெப்சிபா களைத்துப்போய் நாற்காலியில் சாய்ந்தார். சொல்லிக்கொடுக்க இன்னும் எவ்வளவோ பாடம் பாக்கி இருந்தது. அவர் எதையும் எடுக்கவில்லை.

"அந்தப் பொண்ணு ஏன் உக்காந்தா அக்கா?"