சுளிக்காத முகம்

மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டிய கதை இது. குமட்டல் வருகிறவர்கள் இப்போதே எழுந்து போகலாம். கடைசியில் ஒரு கேள்வி கேட்பேன், அதற்கு விடை சொல்ல மட்டும் அவர்களால் முடியாது.

பாளையங்கோட்டையில் மாசிலாமணி என்று ஓர் உளவியல் பேராசிரியர். முப்பது வருஷம் மூளையையும் நரம்பையும் பாடம் சொன்னவர், ஓய்வு பெற்ற மறுவருஷமே மாடிப்படியில் உருண்டு முதுகுத்தண்டை முறித்துக்கொண்டார். இடுப்புக்குக் கீழே நெருப்பை வைத்தாலும் தெரியாது. மலமும் மூத்திரமும் கேளாமலே வந்தன. பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வைத்தார்கள். அவன் தைலம் தடவிய கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டுதான் அறைக்குள்ளேயே வருவான். கட்டுக்கு மேலே அவன் கண்கள் சுருங்குவதைப் பார்த்து மாசிலாமணி கூசிப்போவார். தன் உடம்பைக் கண்டால் தனக்கே குமட்டியது. வெளிக்குப் போவது குறையட்டும் என்று சோற்றைக் குறைத்தார்.

கடைசியில் புட்டத்தில் இருந்த படுக்கைப்புண் அழுகி, காய்ச்சல் கண்டு, பத்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். அழுகியது கைக்குட்டைக்காரனுக்கும் தெரியவில்லை, நாள் முழுக்க அந்த வாடையிலேயே கிடந்து மூக்கு மரத்துப்போன இவருக்கும் தெரியவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் பிழைப்பது கஷ்டம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அந்த ஆளை நிறுத்திவிட்டு, கோவையில் வேலை பார்க்கும் மகள் மங்கை பதினைந்து நாள் லீவில் வந்தாள். துடைத்துவிடும்போது அவளை அறியாமல் மூக்கு சுளித்தது. அச்சு அசல் மாசிலாமணியின் அம்மா சுளிக்கும் சுளிப்பு. இவருக்கும் அதுதான். மூன்று தலைமுறையாக ரத்தத்தில் இறங்கி வந்த சொத்து. பெற்ற மகளின் முகத்தில் அதைப் பார்த்த அன்று அவர் செத்துப்போனால் தேவலை என்று நினைத்தார்.

வேலைக்கு மூன்று பேர் வந்தார்கள். மூவரையும் கட்டிலருகே நிறுத்தி, "முகம் சுளிக்காதவர் யாரோ அவருக்குத்தான் வேலை. இது என் வாக்கு" என்றார் மாசிலாமணி.

வாத்தியார் புத்தி எங்கே போகும்? சோதனை வைத்தார். காகிதம் சுற்றிய நாலு பாட்டில்கள். ஒன்றில் புழு நெளிந்த கருவாட்டுத் தண்ணீர், ஒன்றில் அழுகிய முட்டை, ஒன்றில் பூசணம் பிடித்த மோர். இன்னொன்றில் வெறும் தண்ணீர். ஒப்பிட்டுப் பார்க்க அப்படி ஒன்று இல்லாவிட்டால் அது சோதனையே இல்லை என்பது அவர் கட்சி. எது எதில் என்று மங்கைக்கு மட்டும்தான் தெரியும். தனக்குத் தெரிந்தால் தன் கண்ணே தன்னை ஏமாற்றும் என்று அவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. அவள் சீட்டில் எழுதி எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள்.

முதலில் வில்சன். பின்மண்டையில் முடி முளைக்காத நீளத் தழும்பு, பைக்கிலிருந்து விழுந்ததாம். நாலையும் நிதானமாக முகர்ந்தான். முகத்தில் ஓர் அசைவு இல்லை. மாசிலாமணிக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அடுத்தவன் தாணு. ஆஸ்பத்திரியில் ஆறு வருஷம் வேலை பார்த்தவன். புருவம் லேசாகச் சுருங்க, உதட்டில் ஒட்டிவைத்த சிரிப்போடு ஒவ்வொரு பாட்டிலுக்கும் ஒரே பேச்சு. "மோசமான வாடைதான் சார். ஆனா நமக்குப் பழகிப்போச்சு." நாலுக்கும் அதையே சொன்னான்.

மூன்றாமவன் காசிம். முதல் பாட்டிலிலேயே மூக்கு நெற்றிக்கு ஏறிவிட்டது. இரண்டாவதில் கொல்லைக்கு ஓடினான். அவன் ஓங்கரித்து வாந்தி எடுப்பது கட்டில் வரை கேட்டது. வாய் கொப்பளித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

"மன்னிச்சிருங்க சார். அடுத்தத எடுக்கட்டுமா?"

மூன்றாவதை இரண்டு தரம் முகர்ந்தான். "இதுல ஒண்ணுமில்லையே. பச்சத்தண்ணில்லா இது." நாலாவதில் மறுபடியும் சுளித்தான். இந்த மூஞ்சியையா நான் தினம் பார்த்துக்கொண்டு கிடக்கவேண்டும் என்று மாசிலாமணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூவரும் கூடத்தில் காத்திருந்தார்கள். மங்கை கொல்லைப்பக்கம் போயிருந்த நேரத்தில் அடுக்களையில் பால் அடிப்பிடித்தது. "அக்கா, பால் தீயுது" என்று காசிம் எழுந்தான். தாணு மூக்கைப் பொத்தினான். அடுக்களை வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த வில்சன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். மங்கை வேறு வழியில்லாமல் அந்தப் பாலிலேயே காபி போட்டுக் கொடுத்தாள். இருவர் ஒரு வாயோடு வைத்துவிட்டார்கள். வில்சன் மட்டும், "நல்லா இருக்குக்கா" என்று முழுதும் குடித்தான். கதவு திறந்திருந்ததால் மாசிலாமணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மங்கை சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். மூன்றாவது பாட்டிலில்தான் தண்ணீர். "வில்சனையே வச்சுக்கலாம்பா. வாக்கு வேற குடுத்துட்டீங்க" என்றாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினால் வேலை வில்சனுக்கு. அனுபவத்தைப் பார்த்தால் தாணுவுக்கு. காசிமோ வாந்தியே எடுத்தவன். சொல்லுங்கள், இவர்களில் யாரை வைத்துக்கொள்வது சரி?

விடை: காசிமைத்தான். வில்சனிடம் சூது இல்லை. மண்டையில் பட்ட அடியில் மூக்கிலிருந்து மூளைக்குப் போகும் மெல்லிய நரம்புகள் அறுந்திருக்கவேண்டும். தீய்ந்த பாலே தெரியாதவனுக்குப் புண் அழுகுவது எப்படித் தெரியும்? அவனை வைப்பதும் கைக்குட்டைக்காரனைத் திரும்பக் கூப்பிடுவதும் ஒன்றுதான். தாணு மூச்சைப் பிடித்துக்கொண்டானோ, நாறும் என்று முன்கூட்டியே நம்பினானோ, வெறும் தண்ணீரிலும் வாடை கண்டான். அவன் சொல்லை நம்ப முடியாது. மூக்கும் இருந்து, வாந்தி எடுத்த பிறகு திரும்பியும் வந்தவன் காசிம் ஒருவன்தான். மாசிலாமணி வாக்கை முறித்தார். வில்சனிடம் மன்னிப்புக் கேட்டு, டாக்டரிடம் காட்டச் சொல்லி, கேஸ் அடுப்புப் பக்கம் ஜாக்கிரதையாக இருக்கச் சொல்லி அனுப்பினார். மறுநாள் காலை காசிம் அவரைப் புரட்டினான். அவன் மூக்கு சுளித்தது. மாசிலாமணிக்கு அவமானமாக இருந்தது. அதை விழுங்கிக்கொண்டு, "வாடை எந்தப் பக்கம்பா?" என்று கேட்டார்.