பத்து மான்காசுக்கு ஒரு மீன்காசு

கேளுங்கள், சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களே, மடியில் படுத்திருக்கும் பிள்ளைகளே. ஆற்றைத் தாண்டினால் வேறு அரசன், வேறு அரசன் என்றால் வேறு காசு என்று இருந்த காலத்தில் நடந்தது இது.

கிழக்கே கடல்நாடு. மேற்கே மலைநாடு. நடுவே ஓர் ஆறு. ஆற்றங்கரையில் ஒரு சந்தை.

கடல்நாட்டுக் காசில் மீன் பொறித்திருக்கும். மலைநாட்டுக் காசில் மான் பொறித்திருக்கும். இரண்டும் செம்புதான். ஒரு மீன்காசுக்கு இரண்டு மான்காசு. தகப்பன் காலத்திலும் இரண்டு, பிள்ளை காலத்திலும் இரண்டு. மலைநாட்டார் தினையும் மிளகும் கம்பளியும் சுமந்து இறங்குவார்கள். விற்ற காசில் உப்பும் அரிசியும் கருவாடும் வாங்கிக்கொண்டு ஏறுவார்கள்.

அந்தச் சந்தையில் கடல்நாட்டு அரசனின் முத்திரை போட்ட பலகையின் முன் உட்கார்ந்து காசு மாற்றிக் கொடுத்தவள் உலகாயி என்ற பெண். அவளுக்கு ஐம்பது வயதிருக்கும். நூறு காசு மாற்றினால் ஒரு காசு அவளுக்குக் கூலி. அவள் மாற்றிக் கொடுத்த காசை யாரும் இரண்டாம் முறை எண்ணிப் பார்த்ததில்லை.

ஒரு வருஷம் மலைநாட்டில் மழை இல்லை. அடுத்த வருஷமும் இல்லை. தினை கருகியது, மிளகுக்கொடி பட்டுப்போனது, ஆடுகள் செத்தன. விற்க ஒன்றும் இல்லாதவர்கள் வீட்டில் இருந்த காசை மட்டும் எடுத்துக்கொண்டு அரிசி வாங்க இறங்கினார்கள். சந்தையெங்கும் மான்காசாகக் குவிந்தது. குவியக் குவிய அதன் மதிப்பு இறங்கியது. ஒரு மீன்காசுக்கு மூன்று என்றார்கள், பிறகு நான்கு என்றார்கள்.

கடல்நாட்டு அரசன் நெடுங்கோ கெட்டவன் இல்லை. ஆனால் நிறைந்த அறைகளைப் பார்ப்பதில் அவனுக்கு ஆசை அதிகம். அவனுடைய கருவூலத்தைக் காத்தவர் நாகதேவர். அவர் ஒருநாள் அரசனிடம் சொன்னார்:

"அரசே, மலைநாட்டார் இப்போது எந்த விலைக்கும் காசை விடுவார்கள். பத்து மான்காசுக்கு ஒரு மீன்காசு என்று கட்டளையிடுங்கள். எல்லாவற்றையும் நாமே வாங்கி வைப்போம். மழை பெய்தால் அந்தக் காசு பழைய மதிப்புக்கு ஏறும். ஒன்று போட்டு ஐந்து எடுக்கலாம்."

அரசனுக்கு அது பிடித்தது. முரசு அறைந்தார்கள். இனிக் கடைக்காரர்கள் மான்காசை நேராக வாங்கக் கூடாது, அரசனின் பலகையில்தான் மாற்ற வேண்டும், பத்துக்கு ஒன்றுதான் என்றார்கள்.

கட்டளையைக் கொண்டுவந்த சேவகனிடம் உலகாயி ஒன்றே ஒன்று கேட்டாள். "இருக்கிற காசையெல்லாம் நாம் வாங்கிக்கொண்டால், அவர்கள் எதைக் கொடுத்து நம்மிடம் வாங்குவார்கள்?"

"அது எனக்கு எப்படித் தெரியும், அம்மா?" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

முதல் மாதத்தில் அரண்மனையின் ஓர் அறை மான்காசால் நிறைந்தது. இரண்டாம் மாதத்தில் இரண்டாம் அறை நிறைந்தது. மூன்றாம் மாதத்தில் மூன்றாம் அறையும் நிறைந்தது. அரசன் மூன்று அறைகளுக்கும் பூட்டுப் போட்டுவிட்டு மழைக்காகக் காத்திருந்தான்.

மழையும் வந்தது. மலையில் பத்து நாள் விடாமல் பெய்தது. ஆறு செந்நிறமாக ஓடியது.

மழை விட்ட மறுநாள் மலைநாட்டு உழவன் ஒருவன் உலகாயியின் பலகைக்கு வந்தான். வீரியன் என்று பெயர். கல்யாணத்தில் மனைவிக்குப் போட்ட நாற்பது மான்காசைத் துணியில் முடிந்து வைத்திருந்தான்.

"அக்கா, விதைத் தினை வாங்க வேண்டும். வீட்டில் இருந்த விதையையும் போன மாதம் கஞ்சி காய்ச்சிவிட்டோம். எனக்கு இருபது படி வேண்டும்."

விதைத் தினை படி ஒரு மீன்காசு. அவனுடைய நாற்பது காசுக்கு முன்பென்றால் இருபது மீன்காசு கிடைத்திருக்கும், இப்போது நான்குதான். நான்கு படி விதை அவன் நிலத்தின் ஒரு மூலைக்குக்கூடக் காணாது.

உலகாயி நாற்பதையும் எண்ணி வாங்கினாள். நான்கு மீன்காசை அரசனின் பெட்டியிலிருந்து எடுத்தாள். பிறகு தன் சொந்தப் பானைக்குள் கைவிட்டுப் பதினாறு எடுத்தாள்.

"இந்தா தம்பி, இருபது. ஈரம் காய்வதற்குள் விதைத்துவிடு."

அவன் காசைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். கும்பிட்டுவிட்டுப் போனான்.

செய்தி மலைக்குப் போயிற்று. இரண்டாம் நாள் ஏழு பேர் வந்தார்கள். மூன்றாம் நாள் முப்பது பேர் வந்தார்கள். அன்று மாலை அவளுடைய பானை காலியானது. அது முப்பது வருஷக் கூலி. அரசனின் பெட்டியில் மட்டும் ஒரு காசும் குறையவில்லை.

நான்காம் நாள் சேவகர்கள் அவளை அரசனிடம் அழைத்துப் போனார்கள்.

"பத்துக்கு ஒன்று என்பது கட்டளை. இரண்டுக்கு ஒன்று கொடுத்திருக்கிறாய். உண்மைதானா?" என்று கேட்டான் அரசன்.

"உண்மைதான், அரசே. விதைக்கென்று வந்தவர்களுக்குக் கொடுத்தேன். மீறினது மீறினதுதான், தண்டனை கொடுங்கள். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். மழை பெய்துவிட்டதே, மான்காசு ஏறியதா?"

மழை விட்ட நாளிலிருந்து அரசன் மனத்தில் ஓடிக்கொண்டிருந்த கேள்வி அது. காசு ஒரு மயிரிழைகூட ஏறவில்லை.

"ஏன் ஏறவில்லை என்று உனக்குத் தெரியுமா?"

"நான் சொன்னால் என் வாய்ச்சொல்லாகப் போய்விடும், அரசே. நாளைக் காலையில் ஒரு பை மான்காசை எடுத்துக்கொண்டு சந்தைக்கு வாருங்கள். உங்களுக்கு வேண்டியதை நீங்களே வாங்கிப் பாருங்கள்."

நாகதேவர் முகம் சுளித்தார். அரசன் சரி என்றான்.

மறுநாள் காலை அரசன் பையோடு சந்தைக்கு நடந்தே போனான். உலகாயியும் நாகதேவரும் கூடவே போனார்கள். முதலில் அரிசிக் கடையில் ஒரு மரக்கால் அரிசி கேட்டான். கடைக்காரன் எழுந்து நின்று, "சும்மாவே எடுத்துக்கொள்ளுங்கள், அரசே. இந்தக் காசை மட்டும் நான் வாங்க மாட்டேன். உங்கள் முரசுதான் வாங்கக் கூடாது என்றது" என்றான்.

அடுத்து எண்ணெய்க் கடைக்குப் போனான். அங்கேயும் அதே பதில்தான்.

மூன்றாவதாக உப்பு விற்பவனிடம் போனான். கருத்தான் என்ற அந்த உப்பளத்துக்காரன் பனையோலை வேய்ந்த பெரிய கொட்டகையின் வாசலில் உட்கார்ந்திருந்தான். உள்ளே கூரை முட்ட உப்பு.

"ஏன் இவ்வளவு தேங்கிக் கிடக்கிறது?"

"வாங்க ஆள் இல்லை, அரசே. பாதி உப்பை மலைநாட்டார்தான் வாங்குவார்கள். இப்போது இலையைச் சுட்டு, அந்தச் சாம்பலைக் கஞ்சியில் போட்டுக் குடிக்கிறார்களாம். கூரை ஒழுகினால் எனக்கு இதுவும் தண்ணீர்தான்."

அரசன் பையைக் கீழே வைத்தான். "அப்படியானால் இந்தக் காசை எங்கேதான் செலவழிப்பது?"

"மலைநாட்டில்தான் செல்லும், அரசே" என்றாள் உலகாயி. "அங்கே வாங்குவதற்கு விளைச்சல் வேண்டும். விளைய விதை வேண்டும். விதை வாங்க அவர்கள் கையில் காசு வேண்டும். அந்தக் காசு உங்கள் மூன்று அறைகளில் இருக்கிறது. உருக்கினால் செம்பு விலை கிடைக்கும், அவ்வளவுதான்."

அரசன் உப்பு மூட்டையின் மேல் உட்கார்ந்தான். பிறகு நாகதேவரைப் பார்த்தான்.

"என் கணக்குச் சரியாகத்தான் இருந்தது, அரசே" என்றார் அவர் மெல்ல. "விதையை மட்டும் அதில் சேர்க்க மறந்துவிட்டேன்."

அன்றே அறைகளைத் திறந்தார்கள். வரப்போகும் தினைக்கும் மிளகுக்கும் கம்பளிக்கும் முன்பணமாக மான்காசு மலையேறியது. மீண்டும் இரண்டுக்கு ஒன்று என்று முரசு அறைந்தார்கள். கடைக்காரர்கள் மான்காசை வாங்கலாம் என்றார்கள்.

ஆனாலும் கடைக்காரர்கள் தயங்கினார்கள். ஒரு முரசு தாழ்த்தியதை இன்னொரு முரசு உயர்த்திவிடுமா என்று அவர்களுக்குச் சந்தேகம்.

அரசன் உலகாயியைச் சந்தையின் நடுவில் நிறுத்திச் சொன்னான்: "கட்டளையை மீறியதற்கு உனக்கு ஒரு மீன்காசு அபராதம்."

அவளிடம் ஒரு காசும் இல்லை. கருத்தான் தன் மடியிலிருந்து எடுத்துக் கட்டினான்.

"நீ இழந்ததை நான் திருப்பித் தருகிறேன். மீன்காசாக வேண்டுமா, மான்காசாக வேண்டுமா?" என்று கேட்டான் அரசன்.

சந்தை முழுவதும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"மான்காசாகவே கொடுங்கள், அரசே. ஒன்றுக்கு இரண்டு."

எண்ணி வாங்கிப் பானையில் போட்டுக்கொண்டாள். அவளே வாங்கிக்கொண்டதைப் பார்த்த அரிசிக் கடைக்காரன் அன்று மாலை முதல் மான்காசை வாங்கினான். எண்ணெய்க்காரன் மறுநாள் வாங்கினான். அறுவடை முடிந்து தினை இறங்கியபோது, கருத்தானின் கொட்டகையில் தரை தெரிந்தது.

நான்கு வருஷம் போயிற்று. ஐந்தாம் வருஷம் கார்த்திகையில் கடல் பொங்கி ஊருக்குள் புகுந்தது. உப்பளங்கள் அழிந்தன. வயலெல்லாம் உவர் ஏறியது. இப்போது விற்க ஒன்றும் இல்லாதவர்கள் கடல்நாட்டார்.

நாகதேவரே மீன்காசு மூட்டைகளோடு மலையேறினார். தாங்கள் செய்ததை அவர் மறக்கவில்லை. ஒன்றுக்கு ஒன்று கொடுத்தால் போதும், அரைக் காசு கொடுத்தால்கூட வாங்கிக்கொண்டு வரவேண்டியதுதான் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனார்.

மலைநாட்டுச் சந்தையில் காசு மாற்றுபவன் ஓர் இளைஞன். அவனிடம் கேட்டார், "ஒரு மீன்காசுக்கு எத்தனை, தம்பி?"

"இரண்டு, ஐயா."

"எங்கள் நாட்டுக்குள் கடல் புகுந்துவிட்டது. உனக்குத் தெரியுமா?"

"தெரியும், ஐயா. நீங்கள் வருவீர்கள் என்றுதான் தினையை அளந்து மூட்டை கட்டி வைத்திருக்கிறோம்."

நாகதேவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். பிறகு மூட்டையை அவிழ்த்தார்.

அண்டையில் இருப்பவர் தாழ்ந்த நேரத்தை நம் லாபமாக எண்ணாமல், அவர் எழுந்து நிற்கக் கைகொடுத்தால்தான் நாமும் நிலைத்து நிற்போம் என்பதே இந்தக் கதையின் நீதி.